முத்துமாலையும் மூடிய கதவும்

அமெரிக்க நாட்டில் அண்மைக்காலமாக ஒரு புதுமை பரவி வருகிறது. புதுமை என்பதினும் பழமையின் மறுவரவு என்பதே பொருந்தும். இடையில் இறுகி, முழங்காலுக்குக் கீழே வட்டமாய் விரியும் பாவாடை. கழுத்தை ஒட்டிய ஒற்றைவட முத்துமாலை. உடையிற் கறைபடாமல் முன்னே கட்டிய மேல்துணி. உயர்ந்த குதிச் செருப்பு. இக்கோலத்தில் வாயிலில் நின்று இளம்பெண்டிர் தம் இல்லத்திற்கு வருவாரை வரவேற்கின்றனர். உண்மேசையில் 1950களின் வெளிர்நிற ஏனங்கள், அக்காலத்து உணவு, பின்னணியில் அக்காலத்து இசை. இதனை எங்குக் கற்றனர்? தம் பாட்டியரிடத்தன்று, பாட்டியர் பார்த்த தொலைக்காட்சிப் பெட்டியிடத்தே கற்றனர். ‘ஐ லவ் லூசி’ (1951–1957), ‘பாதர் நோசு பெசுட்டு’ (1954–1960), ‘லீவ் இட் டு பீவர்’ (1957–1963), டோனா ரீடு நடித்த தொடர் (1958–1966) ஆகியவையே இவர்க்கு இல்லற இலக்கண நூல்கள்.

இவரை நகைத்து ஒதுக்குவது எளிது, நேர்மையன்று. ஆளுக்கொரு கைப்பேசியும் ஆளுக்கொரு நேரத்து உணவுமாகக் குடும்பம் சிதறிக் கிடக்கும் காலத்தில், எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பரிமாற மற்றவர் உண்டு, பேசி மகிழ வேண்டும் என்னும் விழைவு பழிக்கத் தக்கதா? பசித்தவன் உணவைத் தேடுகிறான். ஆனால் அவன் தேடிச் சென்ற இடம் அடுக்களையா, அடுக்களை போல் எழுதிய திரையா என்பதே வினா.

கிளீவர் குடும்பத்துத் தலைவி சூன் கிளீவராக ‘லீவ் இட் டு பீவர்’ தொடரில் நடித்தவர் பார்பரா பில்லிங்சுலி. வீட்டைத் துடைக்கும்போதும் அவர் கழுத்தில் முத்துமாலை. அடுப்பருகே நிற்கும்போதும் முத்துமாலை. இன்று அம்மாலையை வாங்கி அணிவோர் அதனை இல்லறச் செம்மையின் அடையாளம் என்று கொள்கின்றனர். அது வந்த கரணியத்தை அந்நடிகையே பிற்காலத்தில் கூறியுள்ளார். அவர் தொண்டைக்குழி சற்று ஆழமானது. படப்பிடிப்பு விளக்கொளியில் அக்குழியில் நிழல் விழுந்தது. அந்நிழலை மறைக்க வந்ததே முத்து! உயர்குதிச் செருப்பின் வரலாறும் இத்தகையதே. மக்களாக நடித்த சிறுவர் ஆண்டுதோறும் வளர்ந்தனர். தாய் அவரினும் குட்டையாகத் தோன்றலாகாது என்று செருப்பின் குதி உயர்ந்தது. ஒரு குழியின் நிழலும் இரு சிறுவரின் வளர்ச்சியும் அறுபது ஆண்டுகட்குப் பின் ஒரு நாட்டுப் பெண்டிர்க்கு அறநெறியாகிவிட்ட விந்தையை என்னென்பது!

திரையில் அடுக்களையை விட்டு நகராத அப்பெண்டிர் வாழ்வில் எவ்வாறிருந்தனர்? பில்லிங்சுலி இரு மைந்தரை வைத்துக்கொண்டு உழைத்துப் பொருளீட்டிய தாய். லூசியாக நடித்த லூசில் பால், மேடையேற முயன்று முயன்று தோற்று வீடு திரும்பும் மனைவியாகத் திரையில் நாட்டைச் சிரிக்க வைத்தவர். வாழ்விலோ 1962இல் தம் முன்னாள் கணவரின் பங்கை விலைக்கு வாங்கித் தெசிலு படப்பிடிப்பு நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர். அத்தொடரில் கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டில்களில் உறங்கினர். 1952இல் அவர் உண்மையாகவே கருவுற்றிருந்தார். கதையிலும் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் கருவுற்றவள் என்னும் சொல்லை ஒலிபரப்ப ஒப்புதல் இல்லை. கிளீவர் வீட்டுச் சிறுவர் முதலைக்குட்டியைக் கழிப்பிடத் தொட்டியில் ஒளித்து வைக்கும் கதைக்குப் பெருந்தடை எழுந்து, முடிவில் நீர்த்தொட்டியை மட்டும் காட்ட இசைந்தனர். உண்பதைக் காட்டலாம், உண்டதன் பின்விளைவைக் காட்டலாகாது போலும்.

உடையையேனும் அவர்தம் விருப்பப்படி உடுத்தனரா? ‘டிக் வான் டைக்’ தொடர் 1961இல் தொடங்கியபோது, வீட்டில் இருக்கும் பெண் விரியும் பாவாடையோடு தூசு துடைப்பதில்லை, காற்சட்டையே அணிகிறாள் என்று கூறி மேரி டைலர் மூர் கணுக்காலளவு காற்சட்டை அணிந்து நடித்தார். விளம்பர நிறுவனத்தார் முகஞ்சுளித்தனர். ஒரு பகுதிக்கு ஒரு காட்சியில் மட்டும் அணியலாம் என்று தொடக்கத்தில் வரையறுத்தனர் என்பதை அவரே கூறியிருக்கிறார். பெண்ணின் காற்சட்டைக்கு அளவெடுத்தவன் தையற்காரன் அல்லன், பொருள் விற்பவன்.

அவனே அந்த இல்லங்களின் உண்மையான தலைவன். ‘ஐ லவ் லூசி’ பிலிப் மோரிசு வெண்சுருட்டு நிறுவனத்தின் காசில் எழுந்தது. நெல்சன் குடும்பத்தார் தாமே தாமாக நடித்த ‘ஓசி – ஏரியட்டு’ தொடருக்கு ஆட்பாயின்டு நிறுவனம் பொருள் தந்தது. ஆகவே அவர்தம் சமையலறையில் அந்நிறுவனத்தின் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் மணமகள்போல் நின்றன. டோனா ரீடு தொடருக்குப் பொருள் தந்தவருள் கேம்பெல் சாறு நிறுவனமும் ஒன்று. இன்று அக்கால விருந்து என்று படைக்கப்படும் பண்டங்களுள் தலையாயது எது? பச்சை அவரையும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த வேக்காட்டு உணவு. அது எந்தப் பாட்டியின் கைம்மணமும் அன்று. கேம்பெல் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் 1955இல் டோர்காசு ரைலி என்னும் பணியாளர் தலைமையில், அந்நிறுவனத்தின் தகரக் குவளைக் காளான் சாறு விலைபோவதற்காக வகுக்கப்பட்ட செய்முறை. உணவு சுவையானதே. ஆயினும் மரபு என்னும் சொல்லை அதற்குச் சூட்டுமுன் சற்றே தயங்க வேண்டும்.

ஏனத்தின் கதையும் கேட்கத் தக்கது. டப்பர்வேர் என்னும் நெகிழிக் கலங்கள் கடைகளில் விலைபோகாமற் கிடந்தன. பிரவுனி வைசு என்னும் பெண்மணி அவற்றை அண்டை வீட்டாரைக் கூட்டி வைத்த இல்லவிருந்துகளில் விற்றுக் காட்டினார். 1951இல் அந்நிறுவனம் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு இல்லவிருந்து முறைக்கு மாறியது. அழைத்தவள் விற்பவள், வந்தவள் கொள்பவள். இதற்கும் விருந்து என்றே பெயர்! வளர்த்துவிட்ட அப்பெண்மணியை 1958இல் நிறுவனம் வெளியேற்றியது தனிக்கதை.

எல்லாவற்றினும் பெருங்கேலி ஒன்றுண்டு. 1950இல் பத்தில் ஒரு வீட்டிற்கூட இல்லாதிருந்த தொலைக்காட்சிப் பெட்டி, 1960க்குள் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் புகுந்துவிட்டது. அதன் எதிரே அமர்ந்து உண்பதற்கென்றே சுவான்சன் நிறுவனம் 1954இல் தொலைக்காட்சி உணவை நாடெங்கும் விற்றது. தட்பத்தில் உறைந்த வான்கோழிக் கறி, பட்டாணி, கிழங்கு ஆகியவை அலுமினியத் தட்டில் தனித்தனிக் குழிகளில். விலை ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவு. மடக்குப் பலகையை முன்னே நிறுத்தி, அத்தட்டை அதன்மேல் வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கிளீவர் குடும்பத்தார் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து முகம் பார்த்து உண்பதை அமெரிக்கக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டே உண்டன. பாட்டி உண்ட விருந்து என்று பேத்தி இன்று எதனைப் படி எடுக்கிறாளோ, அது பாட்டி உண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்த விருந்து. அவ்வாழ்வில் உள்ளுக்குள் புழுங்கிய இல்லத்தலைவியரைப் பற்றிப் பெட்டி பிரீடன் எழுதிய நூல் 1963இல் வெளிவந்தது. கிளீவர் தொடர் முடிந்த ஆண்டும் அதுவே.

நிழலைப் பார்த்து உருவம் செய்யும் இவ்வினை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு வீடே சான்று. ‘பிரேடி பஞ்சு’ (1969–1974) தொடரில் வெளித்தோற்றத்திற்காக மட்டும் காட்டப்பட்ட வீடு அது. உள்ளறைகள் யாவும் படப்பிடிப்புக் கூடத்தில் பலகையாற் செய்தவை. பிள்ளைகளின் குளியலறையில் கழிப்பிடமே கிடையாது. 2018இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவ்வீட்டை 35 இலக்கம் டாலருக்கு வாங்கி, உண்மை வீட்டின் உட்புறத்தை இடித்து விரித்துப் பலகை வீட்டைப் போலவே கட்டி, கட்டுவதையும் 2019இல் ஒரு தொடராக்கிக் காட்டியது. 2023இல் அவ்வீடு 32 இலக்கத்திற்கு விலைபோயிற்று. கட்டுவதற்கு ஆன செலவு வேறு. பொய்க்கு இணங்க மெய் இடிக்கப்பட்டதை உலகம் கைதட்டிப் பார்த்தது.

இவையெல்லாம் ஒருபுறம் நிற்க. விருந்து என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோர்க்கு வேறொரு வழி தோன்றும். தமிழில் விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் நூல் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுவதும் புதிதாய்ப் புனையும் யாப்பைக் குறித்தே. பின்னரே அச்சொல் புதிதாய் வந்தவரையும், அவர்க்கு இடும் உணவையும் குறித்தது. உறவினர் வந்து உண்பது உறவுண்டாட்டு. முன்பின் அறியாதவன் வாயிலில் நிற்கையில் கதவைத் திறப்பதே விருந்து. இவ்வளவுகோலைக் கொண்டு அந்தத் தொலைக்காட்சி இல்லங்களை அளந்தால் என்ன தெரிகிறது? அவற்றின் கதவுகள் அடிக்கடி திறந்தன. உள்ளே வந்தவர் பெரும்பாலும் வெள்ளையர். கிளீவர் தொடரின் 234 பகுதிகளிலும் கறுப்பினத்தவர் முகம் அரிதினும் அரிது.

திரைக்கு வெளியே நடந்தது இதனினும் கொடிது. அத்தொடர் 1957 அக்டோபர் 4இல் தொடங்கியது. அதற்கு ஏழு கிழமைகட்கு முன், ஆகசுட்டுத் திங்களில், பென்சில்வேனியா மாநிலத்து லெவிட்டவுன் என்னும் ஊரில் ஒரு குடும்பம் குடியேறியது. கிளீவர் வீட்டைப் போன்ற வீடுகளை அச்சில் வார்த்தாற்போல் 17,000க்கு மேல் கட்டி வில்லியம் லெவிட் என்பவர் உருவாக்கிய ஊர் அது. வெள்ளையர்க்கே விற்பது அவர் வழக்கம். நியூயார்க்குப் பகுதியில் அவர் முதலிற் கட்டிய ஊரின் உடன்படிக்கையில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கலாகாது என்று எழுதியே இருந்தார். பென்சில்வேனிய ஊரில் முன்பு குடியிருந்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிய வில்லியம் மையர்சு, டெய்சி மையர்சு இணையர் கறுப்பினத்தவர். கணவர் உலகப் போரிற் படைப்பணி ஆற்றியவர்; மனைவி கல்லூரிக் கல்வி பெற்றவர்; உடன் இளங்குழந்தைகள். தொலைக்காட்சித் தொடருக்கு இவரினும் பொருத்தமான குடும்பம் ஏது?

வரவேற்பு கல்லாக வந்தது. நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் மாலையில் திரண்டனர். பெரும் பலகணிக் கண்ணாடி உடைந்தது. காவலர் ஒருவர் கல்லடி பட்டு வீழ்ந்தார். பின்புறத்து வெற்று வீட்டைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கூடிமகிழும் மன்றம் என்று பெயரிட்டு, இரவெல்லாம் உரக்க இசை முழக்கினர். அதுவும் ஓர் இல்லக் கேளிக்கையே! அவ்வாண்டே எடுக்கப்பட்ட செய்திப்படம் ஒன்றில் அவ்வூர்ப் பெண்டிர் பேசுகின்றனர். நேர்த்தியான உடை, சீவி முடித்த கூந்தல், குரலில் கடுமையில்லை. வெள்ளையர் ஊர் என்று நம்பித்தானே வந்தோம் என்று இனிமையாகக் கூறுகின்றனர். பண்டைக்கால உடைவிருந்து நடத்துவோர் அப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவாடையை உடுப்பாராக.

அதே ஆண்டில் வேறொரு கதவும் மூடியது. இனிய குரலால் நாட்டையே கவர்ந்த கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல், 1956 நவம்பரில் தம் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். நாடளாவிய விளம்பர நிறுவனம் ஒன்றும் பொருள் தர முன்வரவில்லை. 1957 திசம்பரில் அது நின்றது. சாறு விற்கவும் அடுப்பு விற்கவும் வெண்சுருட்டு விற்கவும் வெள்ளைக் குடும்பங்கள் இருக்கையில் கறுப்புக் குரல் எதற்கு என்பதே அன்றைய வாணிகக் கணக்கு.

ஆயினும் லெவிட்டவுனில் விருந்து அறவே அற்றுப் போகவில்லை. மையர்சு வீட்டிற்கு அடுத்த வீட்டில் இருந்தவர் வெக்சுலர் என்னும் யூத இணையர். கூச்சலுக்கு நடுவே அவர்கள் அவ்வீட்டிற்குச் சென்றனர், வந்தனர், உடனிருந்தனர். அதற்காக அவர்தம் வீட்டருகிலும் சிலுவை கொளுத்தப்பட்டது. வேறு சில அண்டையாரும் துணை நின்றனர். மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் முறைமன்றத்தை நாடித் தடையாணை பெற்ற பின்னரே கூட்டம் அடங்கியது. மையர்சு குடும்பம் 1961 வரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தது. டெய்சி மையர்சும் லூயிசு வெக்சுலரும் அந்நாள்களைப் பற்றித் தனித்தனியே நூல் எழுதியுள்ளனர். இல்லத்தில் எல்லாரையும் கூட்டி உண்பிக்க விழைவோர்க்கு 1957ஆம் ஆண்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் வேண்டுமென்றால், முத்துமாலையை விட்டுவிட்டு அவ்விரு நூல்களை எடுக்கலாம்.

1999 திசம்பரில் அவ்வூர் ஆட்சித் தலைவர் டெய்சி மையர்சை அழைத்து, ஊரின் பெயரால் பொறுத்தருள வேண்டினார். கணவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அம்மையார் தனியராக வந்து, நகரமன்ற வாயிலில் நட்ட கிறித்துமசு மரத்திற்கு விளக்கேற்றினார். அம்மரத்திற்கு அவர் பெயரையே இட்டிருந்தனர். புதிதாய் வந்தவர்க்கு அவ்வூர் கதவைத் திறக்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.