மாலைப் பயிற்சி

மாலை நாலரை மணிக்குப் பள்ளி விடுகிறது. ஐந்தரை மணிக்கு மற்றொரு பள்ளி தொடங்குகிறது. ஒரு வீட்டுத் திண்ணையோ, மாடியில் வேய்ந்த கொட்டகையோ அதற்குப் போதும். அங்கே பெரும்பாலும் கற்பிக்கப்படுவன கணக்கும் ஆங்கிலமுமே. மக்கள் இதனை டியூஷன் என்பர். ஏட்டில் தனிப்பயிற்சி என்று எழுதுகிறோம். முப்பது பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் இடத்தில் தனிமை எங்கே உள்ளது என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்விரு பாடங்களுக்கு மட்டும் இத்துணைத் தேவை ஏன்? வரலாற்றில் ஒரு பாடம் விளங்காவிடினும் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கு அத்தகையதன்று. நான்காம் வகுப்பில் பின்னத்தை அறியாது விட்டவன் எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன் திகைத்து நிற்கிறான். ஆங்கிலமோ, நம் வீடுகளுள் பெரும்பாலானவற்றில் ஒலிக்காத மொழி. பள்ளியில் கேட்டது பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆதலின் பெற்றோர் அஞ்சுவதைக் குறைகூற இயலாது. ஆனால், அவர்கள் பணம் கொடுத்துப் பெறுவது யாது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

503இலிருந்து 278ஐக் கழிக்குமாறு ஒரு சிறுவனிடம் கூறுகிறோம். அவன் 375 என்று எழுதுகிறான். மாலை ஆசிரியர் அதனை அடித்து, 225 என்று திருத்துகிறார்; சிறுவனும் அழகாகப் படியெடுத்துக்கொள்கிறான். மறுநாள் பள்ளியில் அவனது ஏடு குற்றமற்று விளங்குகிறது. அவன் அறிவில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. 375 என்னும் விடை அவனுக்கு எவ்வாறு வந்தது? அவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்தான். 8இலிருந்து 3 போக 5. 7இலிருந்து 0 போக 7. 5இலிருந்து 2 போக 3. கூர்ந்து நோக்கின், அவன் சோம்பேறியும் அல்லன், மந்தனும் அல்லன். தனக்கென ஒரு விதி வகுத்து, அவ்விதி வழுவாது நடந்திருக்கிறான். அவன் அறியாதது ஒன்றே: நூறு ஒன்றைப் பத்துப் பத்துகளாகப் பிரித்துக் கடன் வாங்கலாம் என்பது. “இவ்விடை எப்படி வந்தது, சொல் பார்ப்போம்” என்று ஒரு முறை கேட்டிருந்தால் இஃது வெளிப்பட்டிருக்கும். அவ்வாறு கேட்பதே பயிற்சி. ஏனையது வீட்டுப்பாடத்தைக் கூலிக்கு முடித்துக் கொடுத்தல்.

ஜப்பான் நாட்டில் தோரு குமோன் என்னும் கணித ஆசிரியர், இரண்டாம் வகுப்பில் படித்த தம் மகன் கணக்கில் இடர்ப்பட்டது கண்டு, 1954ஆம் ஆண்டில் அவனுக்கென நாள்தோறும் தாளில் கணக்குகள் எழுதிக் கொடுக்கலானார். அதிலிருந்து பிறந்த பயிற்சி முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. பிள்ளை எவ்வகுப்பில் படித்தாலும், எளிதாகச் செய்யக்கூடிய இடத்திலிருந்தே தொடங்குவது அதன் நெறி. திரும்பத் திரும்பச் செய்தலும் விரைவும் அதில் சற்று மிகுதி என்பது என் கருத்து. ஆயினும், தொடங்கும் இடத்தைத் தேர்ந்த முறை செம்மையானது.

ஆங்கிலப் பயிற்சியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வினாவிற்கு விடையும், கட்டுரையும், கடிதமும் நெட்டுருவாகவே தரப்படுகின்றன. விடுப்பு விண்ணப்பத்தை மனப்பாடம் செய்த மாணவன், தமக்கையின் திருமணத்திற்கு விடுப்பு வேண்டும்போதும் தனக்குக் காய்ச்சல் என்றே எழுதுகிறான். வேறு காரணம் எழுத அவனுக்குச் சொல் இல்லை. நாள்தோறும் அரை மணி நேரம் ஓர் எளிய கதையை உரக்கப் படிக்கச் செய்து, அதைப் பற்றி இரண்டு வாக்கியமேனும் பேசச் செய்தால், ஓராண்டில் அவன் தானே ஒரு கடிதம் எழுதுவான். ஆனால், அதற்கு அடுத்த தேர்வில் மதிப்பெண் கிட்டும் என்று எவரும் உறுதி கூற முடியாது. உடனே பயன் காட்டவேண்டிய நிலையில் உள்ள மாலை ஆசிரியர் அவ்வழியை நாடுவது அரிது.

பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்துதல் ஆகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. வகுப்பில் சொல்லவேண்டியதை மாலைக்கு ஒதுக்கிவைக்கும் இழிசெயலைத் தடுக்க அவ்விதி வேண்டுவதே. எனினும் தடையால் மட்டும் இது தீராது. தென்கொரிய அரசு 1980ஆம் ஆண்டில் தனிப்பயிற்சிக்குத் தடை விதித்தது. பயிற்சி மறைவாக நடந்தது. செல்வர் கொடுத்த ஊதியம் ஏறியது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வேறொரு வழியைக் காட்டிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்தில் பிள்ளைகள் இழந்ததை மீட்க, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர்க்குத் தன்னார்வலர், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், மாலைதோறும் கட்டணமின்றிக் கற்பித்தனர். தையற்பொறியில் இரவெல்லாம் தைத்து மகனின் டியூஷன் கட்டணத்தைச் சேர்க்கும் தாய்க்கு இதன் அருமை தெரியும். கழித்தலில் தடுமாறும் அச்சிறுவனுக்கு வேண்டியது அவன் அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவரின் இருபது நிமிடம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அதனைக் காண்பது கடினம். அதற்கென வாரத்தில் இரண்டு பாடவேளைகளைப் பள்ளியே ஒதுக்கி, அவ்வேளையில் புதுப்பாடம் எதுவும் நடத்தாது, பின்தங்கியோரின் ஏடுகளை அவர்களோடு அமர்ந்து பார்க்க ஆசிரியருக்கு இடந்தர வேண்டும். பாடத்திட்டம் முடியாமற்போகும் என்று சிலர் கூறுவர். இப்பொழுதும் அச்சிறுவனைப் பொறுத்தவரை அது முடிந்ததாகத் தெரியவில்லை.