பெட்டரிக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும்?



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நம் மாத்தளை மாவட்டத்தில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. கரண்ட் போனது, பின்னால் கைபேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை லயத்துக்கு வந்துசேர வேண்டுமானால், அங்கே ஒரு போனாவது உயிரோடு இருக்க வேண்டும்.

லயத்துக்கு ஒரு பெட்டரி, அதை சார்ஜ் பண்ண ஒரு ஜெனரேட்டர் என்று காசு சேர்க்க நினைக்கும் தோட்டக் கமிட்டிகள், கடைக்காரர் காட்டும் 5 கேவீஏ மெஷினுக்கு அவசரப்பட வேண்டாம். 1,700 ரூபாய் கேட்டு 2024இல் 1,350 ரூபாயோடு நிறுத்தப்பட்டவர்கள் நாம். சந்தாக் காசு புகையாகப் போகக்கூடாது.

கணக்கு சுலபம். 12 வோல்ட் பெட்டரிக்கு 10 அம்பியர் சார்ஜர் என்று வையுங்கள். சார்ஜ் ஏறும்போது சுமார் 14.4 வோல்ட்; பத்தால் பெருக்கினால் 144 வொட். சார்ஜர் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்தால் 200 வொட் அளவு. பழைய டிரான்ஸ்போமர் சார்ஜர் கரண்டை ஒரே சீராக இழுக்காது. அதற்காக 300, 350 வீஏ என்று பிடியுங்கள். நம் மேல் டிவிசன்களில் காற்று லேசு. 300 மீற்றர் உயரத்துக்கு 3.5 சதவீதம் வீதம் எஞ்சின் பலம் குறையும். 900 மீற்றரில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அத்தனையும் கழித்தாலும் 1 கேவீஏ மெஷின் தாராளம். தகட்டில் பெரிய எழுத்தில் உள்ள உச்ச அளவைப் பார்க்காதீர்கள், தொடர்ந்து ஓடும் அளவைப் பாருங்கள்.

பாதி இறங்கிய 100 அம்பியர்-மணி பெட்டரி நிறைய ஆறு, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். சின்ன மெஷின் மணிக்கு அரை லீற்றர் பெற்றோல் அளவில் குடிக்கும். 5 கேவீஏ மெஷினோ இந்தச் சின்ன வேலைக்கும் மணிக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். பாதை அடைபட்ட நாளில் கேனில் இருப்பதுதான் பெற்றோல். அந்தப் பாதி பெட்டரியில் ஏறத்தாழ இருபது போன்களை சார்ஜ் பண்ணலாம். பாதிக்குக் கீழே இறக்கினால் ஈய பெட்டரி சீக்கிரம் கெட்டுவிடும்.

மெஷினிலேயே 12 வோல்ட் துளை இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் அது 8 அம்பியர் அளவுதான், பெட்டரி நிறைந்ததும் தானாக நிற்காது. தனி சார்ஜரே நல்லது.

எவ்வளவு மழை என்றாலும் மெஷினை இஸ்தோப்பிலோ குசினியிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. லய அறைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். வெளியே, கதவு ஜன்னலுக்கு எட்ட, தகரக் கூரையின் கீழ் வையுங்கள். வயரை வீட்டு பிளக்கில் செருகி லயம் முழுக்க கரண்ட் கொடுக்கவும் முயலாதீர்கள். அது லைனில் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் மின்சார ஊழியரைக் கொல்லும். அவரும் தொழிலாளிதான்.

இன்னொன்று. ஜெனரேட்டர் உள்ள தொழிற்சாலைகளில், அனர்த்த நாட்களில் லயத்து பெட்டரிகளையும் போன்களையும் சார்ஜ் பண்ண ஒரு மேசையும் நாலு பிளக்கும் தரும்படி தோட்டத் தலைவர்கள் நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.