‘ஒறிஜினல் கொண்டிஷன்’ எண்டால் எங்கட ஊரில என்ன அர்த்தம்?

கார் விற்பனை விளம்பரங்களை வாசிக்கிறது எங்களில் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு. வாங்க வசதி இல்லை. வாசிக்க ஆரும் காசு கேக்கிறதும் இல்லை. எண்பதுகளின் ஜப்பான் கார்களுக்கென்று அந்த விளம்பரங்களில் தனியாக ஒரு பாஷையே இருக்கிறது. ‘ஒறிஜினல் கொண்டிஷன்’, ‘ஒரே ஓனர்’, ‘டொக்டர் பாவிச்ச கார்’, ‘கறள் துளியும் இல்லை’, ‘ஸ்ரீ நம்பர்’. போன மாதம் அதே பாஷையில் ஒரு விளம்பரம் எழுதவேண்டிய வேலை எங்கட தலையில் விழுந்தது. ரெண்டு வரிக்கு மேல போக முடியேல்லை. அது ஏன் என்று யோசிச்சதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

கார் எங்கட தோழி ஒருத்தியின் பெரியப்பாவுடையது. அவர் காலமாகி ஒன்றரை வருசம். கோண்டாவிலில் வீட்டோடு ஒட்டின தகரக் கராஜுக்குள்ள, பழைய கட்டில் விரிப்பால் மூடி நிக்கிறது: 1982ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, கேஈ70. வெளிறின கிறீம் நிறம். விரிப்பை இழுத்தபோது உண்மையிலேயே வாயைப் பிளந்துகொண்டு நிண்டம். பள்ளிக்கூடப் பிள்ளை அடிமட்டம் வச்சுக் கீறின படம் மாதிரி, எல்லாம் நேர்கோடும் மூலையும். குரோம் பம்பர் மங்கேல்லை. டாஷ்போர்ட்டில் ஒரு வெடிப்பு இல்லை. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி பூட்டுற சத்தம். பின் சீற்றில் ஏறி இருந்தவுடன் எங்களுக்குள்ள ஒருத்தர் ‘இதை விக்கவே கூடாது’ என்று சொல்லிப்போட்டார். காரின் சொந்தக்காரியான பெரியம்மா பின்னால நிக்கிறதை அவர் கவனிக்கேல்லை.

கொரோலா 1966இல் வந்த பெயர். இது அதின்ர நாலாவது தலைமுறை, 1979இல் தொடங்கினது. ‘4கே’ என்கிற 1290 சிசி எஞ்சின், காபரேற்றர், பின்சில்லு இழுவை. 1983இல் வந்த அடுத்த தலைமுறையில் சலூன் கார் முன்சில்லு இழுவைக்கு மாறிவிட்டது. அதனால்தான் சறுக்கி ஓட்டுற பெடியள் இண்டைக்கும் கேஈ70ஐத் தேடித் திரியினம். எங்கட நாட்டுக்கு இந்தக் கார்கள் இவ்வளவு வந்ததுக்குக் காரணம் 1977க்குப் பிறகான திறந்த பொருளாதாரம். அதுக்கு முன்னம் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மொறிஸ், ஒஸ்ரின் போன்ற இங்கிலாந்துக் கார்களையே திருப்பித் திருப்பித் திருத்தி ஓடினவை. யாழ்ப்பாணத்தில் ஏ40 ஹயருக்கு நிண்டதை அம்மா அப்பா சொல்லக் கேட்டிருப்பீங்கள். அந்த வரிசையில் கொரோலா பிந்தி வந்த பணக்காரப் பிள்ளை.

பெரியம்மாவுக்கு இப்ப காசு தேவை. கண் சத்திரசிகிச்சை, கூரை ஓடு மாத்துறது, இப்படிச் சில. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினபிறகு பழைய கார்களின் விலை ஏறின கதை எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். என்றாலும் இந்த மாதிரிக் காருக்கு வாற ஆள் புதுக்கார் வாங்க வாற ஆள் இல்லை. ஒரு தரகர் வந்து சுத்திப் பாத்தார். “தங்கச்சி, இது பொக்கிசம். மைல்மீற்றர் 61,000ஐக் காட்டுது. அதை அப்பிடியே போடுங்கோ, ஒறிஜினல் 61,000 கிலோமீற்றர் எண்டு.” பெரியம்மா அமைதியாகச் சொன்னா, மீற்றர் கேபிள் அறுந்து 30 வருசத்துக்கு மேல என்று. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியேல்லை.

பிறகுதான் பெரியப்பாவின் பழைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தம். வயசு 70 தாண்டிட்டுது, பார்வையும் கொஞ்சம் குறைவு. பொனற்றைத் திறந்து கையாலேயே தடவிப் பாத்தார். விளம்பரத்தின் பாஷை உடைஞ்சது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

“பிள்ளை, இதில ஹெட் காஸ்கற் ரெண்டு கிடக்கு” என்றார். எங்களுக்கு விளங்கேல்லை. எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு காஸ்கற்தான் இருக்கவேணும். ரெண்டு போட்டால் சிலிண்டருக்குள் இடம் கொஞ்சம் கூடும், அமுக்கம் குறையும். பெற்றோலில் ஓடுற காருக்கு அது பிழை. மண்ணெண்ணெயில் ஓடுற காருக்கு அது உயிர். அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடிச்சு, எஞ்சின் ‘டக் டக்’ எண்டு இடிக்கத் தொடங்கும். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பெயார் சில்லுக்குப் பக்கத்தைக் காட்டினார். தகரத்தில் அடிச்ச ஒரு சின்ன டாங்கி, ரெண்டு போத்தல் கொள்ளும். அதில் இருந்து முன்னுக்கு ஓடுற குழாய், காபரேற்றருக்குக் கிட்ட ஒரு பித்தளை வால்வு. எல்லாம் அவர் செய்தது.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கினபிறகு வடக்குக்கு பெற்றோல் வாறது நிண்டுபோச்சு. பற்றறியும் தடை. கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். மண்ணெண்ணெய்தான் கிடைச்சது, அதுவும் அளவாக, கொள்ளை விலையில். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்ன டாங்கியில் பவுண் மாதிரிப் பொத்தி வச்சிருக்கிற பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். நிப்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு வந்து காபரேற்றரைக் கழுவவேணும், மறந்தால் அடுத்த நாள் கார் அசையாது. எரியாமல் மிஞ்சிற மண்ணெண்ணெய் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், ஆகவே ஒயிலை அடிக்கடி மாத்தவேணும். அந்த ஒயிலும் இல்லை. பிளக்கில் கரி பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கால் கழட்டி அரத்தாள் போடவேணும். மெக்கானிக் இதையெல்லாம் ஒரு சமையல் குறிப்பு சொல்லுற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். 2022இல் கியூஆர் கோட்டோடு செற்றில் நிண்ட நாட்களில், “வால்வைத் திரும்ப வேலை செய்யப் பண்ணுவமோ” என்று பெரியப்பா இவரிட்டக் கேட்டாராம். அப்ப மண்ணெண்ணெயும் இல்லை என்பதுதான் பகிடி.

காரின் கூரையில், மழைநீர் ஓடுற பீலி ஓரமாக, ரெண்டு பக்கமும் பெயின்ற் தேய்ஞ்சு வரி வரியாகக் கிடக்கு. கயிறு இழுத்த தடம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு, கூரையில் மூட்டை கட்டின கயிறு அது. உள்ளுக்குள் பெரியம்மாவின் தாய், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண், ரெண்டு குழந்தைகள், ஒரு அரிசி மூட்டை. மற்ற எல்லாரும் நடை. பெரியப்பா ஓட்டினது குறைவு, கதவைப் பிடிச்சுத் தள்ளினதுதான் கூட. சனத்துக்குள்ள காரை எஞ்சினில் ஓடவிட்டால் மண்ணெண்ணெய் முடிஞ்சிடும். விடியேக்கை பாலம் தாண்டியிருந்தவை, அவ்வளவுதான்.

இப்ப விளம்பரத்துக்கு வருவம். தரகர் கொண்டுவந்த ஆள் கொழும்பில் பழைய கார்கள் சேர்க்கிறவர். நல்ல மனுசன், விலையும் நியாயம். ஆனால் அவர் வாங்குறது கொம்பனியால் வந்த நாளில் இருந்த காரை. கூரையைத் தேய்ச்சுத் திரும்பப் பெயின்ற் அடிப்பார். சின்ன டாங்கியைக் கழட்டி எறிவார், இடது கதவுக்குக் கீழ மெக்கானிக் போட்ட தகரத் துண்டை வெட்டி ஜப்பான் துண்டு வைப்பார். அவருடைய கணக்கில் இவை எல்லாம் ‘பழுது’. 1982க்குப் பிறகு இந்தக் காருக்கு நடந்த எல்லாமே பழுதுதான்.

எங்களுக்கு இதோடு உடன்பாடு இல்லை. ஒரு கார் 40 வருசத்துக்கு மேல நல்லா இருக்குது என்றால், ஒன்று அது ஓடாமல் பூட்டிக் கிடந்திருக்கவேணும், அல்லது ஆரோ அதை விடாமல் திருத்திக்கொண்டே இருந்திருக்கவேணும். யாழ்ப்பாணத்தில் முதல் வகை ஏறத்தாழ இல்லை. இடம்பெயர்ந்த வீட்டில் விட்டுட்டுப் போன கார் திரும்பி வரேக்கை அங்க நிக்கிறதில்லை. ஆகவே இங்க மிஞ்சியிருக்கிற கார் எல்லாம் ரெண்டாவது வகை. அந்த ரெண்டாவது காஸ்கற்றும் தகரத் துண்டும்தான் இது மிஞ்சினதுக்குக் காரணம். காரணத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, மிஞ்சினதை மட்டும் ‘ஒறிஜினல்’ என்று மேடையில் ஏத்துறது எங்களுக்குப் பொய்யாகப் படுகுது. மெக்கானிக் ஒருவரின் 30 வருச வேலை அதில் காணாமல் போகுது.

எங்களுக்குள்ளேயே இதுக்கு மறுப்பு வந்தது. அதையும் எழுதவேணும். ஒருத்தி கேட்டாள்: “95இல ஆரிட்டயடா கார் இருந்தது? என்ர அம்மம்மா தலையில பெட்டியோட நடந்து போனவ. நீங்கள் காரின்ர கூரையில கயிறு தேய்ச்ச அடையாளத்தைப் பாதுகாக்கக் கட்டுரை எழுதுறியள்.” இதுக்கு எங்களிட்ட முழுப் பதில் இல்லை. காரைப் பத்திரமாக வச்சிருக்க ஒரு கராஜ் வேணும், கராஜுக்கு வளவு வேணும், மெக்கானிக்குக்குக் குடுக்கக் காசு வேணும். மாட்டுவண்டியும் சைக்கிளும் சுமந்தது எவ்வளவோ கூட. அவை ஒண்டும் ‘கிளாசிக்’ ஆகேல்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண் அன்றைக்கு இந்தக் காரில் ஏறினது உண்மை. ஏற இடமில்லாமல் பக்கத்தால் நடந்தவர்கள் பத்து மடங்கு என்பதும் உண்மை. காரை வச்சுக் கதை சொல்லுறதெண்டால் ரெண்டையும் சொல்லவேணும்.

இன்னொருத்தர் வேற பக்கத்தால் வந்தார். மண்ணெண்ணெய்க் காஸ்கற்றை இப்பவும் வச்சிருக்கிறது எஞ்சினுக்குக் கூடாது, இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும், கழட்டத்தான் வேணும் என்று. சரி. இதில் சண்டையே இல்லை. திருத்தித் திருத்தித்தானே இது இவ்வளவு தூரம் வந்தது, இனியும் திருத்தலாம். கழட்டினதைக் குப்பையில் போடாமல், என்ன கழட்டினது, ஏன் போட்டிருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி காரோடு குடுத்தால் போதும். மெக்கானிக் உயிரோடு இருக்கேக்கை அதைச் செய்யவேணும்.

‘ஸ்ரீ நம்பர்’ விசயம் வேற. சேர்க்கிற ஆட்களுக்கு அந்தச் சிங்கள எழுத்து உள்ள பழைய தகடு மதிப்பான சாமான். 1958இல் வாகனங்களில் அந்த எழுத்தை அழிச்சுத் தமிழில் ஸ்ரீ எழுதி ஒரு போராட்டமே நடந்தது, கைதானவர்கள் இருக்கினம். தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த மே மாதம் என்ன நடந்தது என்பது வரலாறு படிச்ச எல்லாருக்கும் தெரியும். 24 வருசம் கழிச்சு எங்கட பெரியப்பா அதே எழுத்தோடு புதுக்கார் எடுத்து, பொட்டு வச்சு, தேசிக்காய் நசிச்சு ஓடினார். அவருக்கு அது உறுத்தினதா என்று இனிக் கேக்க முடியாது. விளம்பரத்தில் அதை ஒரு ‘பிளஸ் பொயின்ற்’ ஆகப் போட எங்களுக்குக் கை வரேல்லை. தகட்டை மறைக்கவும் மனமில்லை, அதுவும் காரில் இருக்கிறதுதான்.

இந்த இழுபறி நடக்கேக்கை பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வச்சுப்போட்டு, “நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ, கராஜை மட்டும் எனக்குக் கெதியா ஒழிச்சுத் தாங்கோ. மழைக்கு முன்னம் விறகு அடுக்கவேணும்” என்றா. அவவுக்கு அந்தக் கார் எங்களுக்குத் தெரியிற மாதிரித் தெரியேல்லை. 30 வருசம் அதின்ர ஒயில் மணத்தோடு சட்டை தோய்ச்சவ அவதானே.

கடைசியில் எழுதின விளம்பரம் இதுதான்: “1982 கொரோலா கேஈ70. ஒரே குடும்பம். மீற்றர் 61,000இல் நிண்டுவிட்டது, உண்மையான ஓட்டம் தெரியாது. 1990களில் மண்ணெண்ணெயில் ஓடினது. ரெண்டாவது டாங்கியும் வால்வும் இருக்கு. கூரையில் கயிற்றுத் தடம் உண்டு, பெயின்ற் அடிக்கவில்லை. இடது பக்கம் கையால் செய்த தகரம். திருத்தினவர் இருக்கிறார், கதைக்கலாம்.”

ரெண்டு பேர் எடுத்தார்கள். முதல் ஆள் முழு விலையும் தாறாராம், டாங்கியை நாங்களே கழட்டித் தரவேணுமாம். ரெண்டாவது, வவுனியாவில் இருந்து ஒரு பெடியன், அந்த வால்வு எப்பிடி வேலை செய்தது என்று அரை மணித்தியாலம் கேட்டான். மெக்கானிக்கின் நம்பரையும் வாங்கினான். அவனிட்ட இருக்கிறது பாதி விலைக்குக் கிட்ட. பெரியம்மா இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.