ஊழியத்தில் உடனுழைப்பும் வரம்பும்

கிறிஸ்தவ ஊழியத்தில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே உழைக்குங்கால் அவர்களுக்கிடையே இருக்கத்தக்க வரம்பு யாது என்னும் வினா, நம் சபைகளில் அடிக்கடி எழுவதும் அரிதாகவே விடை பெறுவதுமாகும். ஒரு சாரார், "தேவனுடைய பிள்ளைகளுக்குள் வரம்பு எதற்கு? உள்ளம் தூயதாயின் போதும்" என்பர். மற்றொரு சாரார், "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாமோ?" என்று பழமொழி ஒன்றைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுவர். இவ்விரு சாராரும் தவறினர் என்பதே நம் கருத்து. முன்னவர் மனித இயல்பை மறந்தனர். பின்னவர் ஊழியத்தையே மறந்தனர்.

நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவரல்லர். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லிலும் விரைவில் வேரூன்றிற்று. அக்காலத்தில் இல்லங்களின் உட்புறத்தே வாழ்ந்த பெண்களிடம் ஆண் போதகர் சென்று பேசுதல் இயலாதிருந்தது. ஆதலின் வேதாகம ஸ்திரீகள் எனப்பட்ட நம் நாட்டுச் சகோதரிகள் வீடு வீடாகச் சென்று, எழுத்தறிவித்து, வேதத்தையும் கற்பித்தனர். இத்தகையோரைப் பயிற்றுவிக்கும் பொருட்டு ஈவா சுவிப்ட் அம்மையார் 1892-இல் மதுரையில் ஒரு பள்ளியைத் தாபித்தார். அக்கால வரம்பு பெண்களைச் சிறைப்படுத்தியதென்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. அது அவர்களுக்கென ஒரு வாயிலையும் திறந்தது. ஆயினும் அது தனி வாயில். இன்றோ நிலைமை வேறு. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஒரே மேசையைச் சுற்றி இருபாலாரும் அமர்ந்து ஆலோசிக்கும் காலம் இது. இதற்குத் தனி வாயிலின் வரம்பு போதாது.

போதாதென்பதை நாம் கண்ணாரக் கண்டோம். ஒரு கோடை விடுமுறையில், நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தச் சென்ற வாலிபர் குழுவில் நாமும் இருந்தோம். ஆலோசனைக் கூட்டங்கள் இரவில் ஆண்கள் தங்கிய வீட்டிலேயே நடந்தன. "இரவில் அக்காமாரை அழைத்தால் ஊர் பேசும்" என்றார் மூத்த அண்ணன் ஒருவர். நாமும் அதனை மறுத்துரைத்திலோம். காலை ஏழு மணிக்கே வகுப்பு என்று தீர்மானித்தோம். மூன்று நாள் சிறுவர் வந்தனர். சிறுமியர் அநேகமாய் வரவில்லை. நான்காம் நாளில்தான், குழுவிலிருந்த ஒரு சகோதரி, அவ்வூர்ச் சிறுமியர் காலையில் தாய்மாருடன் மல்லிகை பறிக்கச் செல்வரென்றும், பூ சந்தைக்குச் சென்ற பின்னரே வீடு திரும்புவரென்றும் கூறினார். அதனை அவர் முதல் நாளே தாய்மாரிடம் கேட்டறிந்திருந்தார். ஆனால் சொல்லுதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லை. நம் நற்பெயரைக் காத்துக்கொள்ள நாம் இட்ட வேலி, அச்சிறுமியரை மூன்று நாள் வெளியே நிறுத்திற்று. பகலில், ஆலய முற்றத்தில், எல்லார் கண்ணுக்கும் புலப்படக் கூடியிருந்தால் ஊரும் பேசியிராது, வகுப்பும் கெட்டிராது.

மேல்நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 1948-இல் அமெரிக்காவின் மொடெஸ்டோ நகரில் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய தோழரும் கூடி, பணம், புகழ் முதலியவற்றில் தாம் இடறாதிருக்கச் சில உறுதிகள் செய்துகொண்டனர். மனைவியல்லாத பெண்ணோடு தனித்துப் பயணம் செய்வதில்லை, தனித்து உணவருந்துவதில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. தம்மைத்தாமே ஐயுற்ற அப்பணிவு போற்றத்தக்கதே. ஆயினும் அவ்விதி மட்டும் காவலாகாதென்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. சென்னையிற் பிறந்து, உலகெங்கும் பிரசங்கித்துப் புகழ்பெற்ற ரவி சகரியா, தாம் குடும்பத்தாரல்லாத பெண்ணோடு தனித்திருப்பதில்லை என்று வெளிப்படையாகக் கூறியவர். அவர் 2020-இல் மரித்த பின்னர், அவர் பெயரால் நடந்த ஸ்தாபனமே ஏற்படுத்திய விசாரணையின் அறிக்கை 2021-இல் வெளிவந்தபோது, அவர் பல பெண்களிடம் பாலியல் முறைகேடாக நடந்தார் என்பது புலனாயிற்று. விதி இருந்தது, ஆனால் விதியைக் காப்பவரும் அவரே, மீறியவரும் அவரே. கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் விதி ஒரு திரைச்சீலையாகிவிடும்.

அங்ஙனமாயின் நல்ல வரம்பு எதனைப் போன்றது? இதற்கு எடுத்துக்காட்டுகள் நம் அருகிலேயே உள்ளன. ஞாயிறுதோறும் காணிக்கையை இருவர் கூடி எண்ணுதல் சபைகளில் வழக்கம். அதனாற் பொருளாளரைத் திருடர் என்று நாம் எண்ணுவதில்லை. அவரும் மனம் வருந்துவதில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தீத்துவின் கையில் மட்டும் விடாமல், பிற சகோதரரையும் உடன் அனுப்பினான். கர்த்தர் முன்பாக மட்டுமன்றி மனிதர் முன்பாகவும் குற்றமற்றிருக்க வேண்டும் என்பது அவன் கருத்து. பணத்திற்கு இத்துணைக் காவல் செய்யும் நாம் மனிதருக்குச் செய்ய நாணுவதேன்?

இன்னுமொன்று. 1955-இல் டாக்டர் தாரியனும் டாக்டர் ஜேக்கப் செறியானும் தொடங்கிய ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையை நம் பகுதியார் யாவரும் அறிவர். அத்தகைய மருத்துவமனைகளில் ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்குங்கால் தாதி ஒருவர் உடனிருத்தல் மருத்துவ முறைமை. அதன் நோக்கம் நோயாளியைத் திருப்பி அனுப்புவதன்று; அச்சமின்றி அவர் சிகிச்சை பெறுவதேயாம். பெண் என்பதற்காக அவரைப் பாராமலே விடுகிற மருத்துவரை ஒழுக்கசீலர் என்று யாரேனும் புகழ்வரோ? ஊழியத்திற்கும் இதுவே அளவுகோல். வேலையை நடத்தும் வரம்பு நல்லது. வேலையினின்றும் ஒருவரை விலக்கும் வரம்பு தீயது.

இவ்வளவுகோலின்படி நம் சங்கங்களுக்குச் சிலவற்றைக் கூறத் துணிகின்றோம். ஆலோசனையும் ஜெபமும் பிறர் காணத்தக்க இடத்தில் நிகழட்டும், அறைக்கதவு திறந்திருக்கட்டும். வெளியூர்ப் பயணத்திற்குக் குறைந்தது மூவர் செல்லட்டும். குழுவின் காரியங்கள் குழுவுக்கு உரிய கைப்பேசிச் செய்தியிலேயே பேசப்படட்டும். இரவு நெடுநேரம் தனித்து எழுதும் பழக்கம், ஜெபக்குறிப்பு என்ற பெயரால் வந்தாலும், தவிர்க்கப்படட்டும். இவ்விதிகள் இருபாலாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பெண் எங்கே நின்றாள், என்ன உடுத்தாள் என்று மட்டும் கேட்கும் விதி, விதியன்று, பழிசுமத்தலே. இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசியதைக் கண்டு சீஷர் வியந்தனர். ஆயினும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவ்விடமோ பட்டப்பகல், ஊர்ப்பொதுக் கிணறு.

யாவற்றினும் மேலாக, அதிகாரமுடையவர் மேலேயே வரம்பின் பாரம் மிகுதியாய் இருத்தல் வேண்டும். போதகரும் பதினெட்டு வயது மாணவியும் சமநிலையில் நிற்பவரல்லர். "வேண்டாம், ஐயா" என்று சொல்லுதல் அவளுக்கு எளிதன்று. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் முறையீட்டுக் குழு ஒன்று வேண்டுமென்றும், அதன் தலைவி பெண்ணாகவும் உறுப்பினருள் பாதியேனும் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்றும், வெளியார் ஒருவர் இடம்பெற வேண்டுமென்றும் விதிக்கின்றது. ஊதியமின்றித் தன்விருப்பாய்ப் பணிசெய்வோரையும் அது தன் காவலுள் அடக்குகின்றது. "சபை விஷயத்தை வெளியே சொல்லலாமா?" என்று வாயடைப்பவர், சபையின் மானத்தைக் காப்பவரல்லர்; குற்றத்தைக் காப்பவரே. வள்ளுவர் 'குற்றங்கடிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, குற்றம் நேருமுன் காத்தலின் அருமையை உணர்த்தினார். அவ்வறிவு அரசின் சட்டத்தில் உண்டு. ஆலயத்தில் இல்லாதிருத்தல் தகுமோ?

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் அப்பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. திறவுகோலின்றிப் பூட்டை மட்டும் செய்து விற்கும் கொல்லர் எவரும் அவ்வூரில் இல்லை. வீட்டைக் காப்பது மட்டுமன்று, உரியவர் உட்புகச் செய்வதும் பூட்டின் தொழிலேயாம். நம் சங்கங்களில் நாம் இடும் வரம்புகளும் அத்தகையனவாகுக. இவ்வாண்டு கிராம ஊழியத்திற்குப் புறப்படும் நண்பர்களே, முதற் கூட்டத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளை அழையுங்கள், அவர்கள் அறிந்து வந்ததை முதலிற் கேளுங்கள்.