மடி கட்டிய ஆடும் மீட்டர் திருத்திய காரும்



பால் தரும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கும் முன் சில நாள்கள் கறக்காமல் விட்டு, மடி நிறைந்து தோன்றும்படி செய்து சந்தைக்கு ஓட்டி வருவது அன்றைய வியாபாரிகள் சிலரிடம் இருந்த தந்திரம். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உரிமையும் வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்தச் சட்டத்தை நம் மதரஸாக்களில் ஓதுகிறோம். ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். ஓதியும் கேட்டும் முடித்த பின் வெளியே வந்து, கைப்பேசியில் கார் விற்கிறோம்.

இக்கட்டுரைக்குக் காரணமாய் அமைந்தது நமக்கு நெருக்கமான இளைஞர் ஒருவருக்கு நேர்ந்த இழப்பு. வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், வட்டிக் கடன் வாங்காமல், தான் நெடுநாள் ஆசைப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் ஒன்றை வாங்கினார். 2017-இல் இந்தியச் சந்தைக்கு வந்த, 230 குதிரைத்திறன் கொண்ட வண்டி அது. எண்ணிக்கையில் குறைவாகவே விற்கப்பட்டதால், பழைய வண்டி வேண்டுவோர் தம் ஊரில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. வேறு மாநிலத்தில் இருப்பதைப் படத்திலும் காணொளி அழைப்பிலும் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகின்றனர். இவரும் அப்படியே வாங்கினார். விற்றவர் நம் சமுதாயத்தவர். பேச்சுக்குப் பேச்சு அல்லாஹ்வின் பெயரைச் சொன்னவர். மீட்டரில் 58,000 கிலோமீட்டர். வண்டி லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்த இரண்டாம் வாரம் கியர் மாறும்போது குலுங்கத் தொடங்கியது. மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். கியர்பாக்ஸின் கணினியில் பதிவாகியிருந்த பழைய பழுதுக் குறிப்பு ஒன்று, அது 1,12,000 கிலோமீட்டரில் நேர்ந்ததாகச் சொன்னது.

விற்றவரை அழைத்தபோது வந்த பதில்: "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? உள்ளது உள்ளபடி என்று சொல்லித்தானே கொடுத்தோம்?"

இந்தப் பதிலோடுதான் நமக்கு வழக்கு.

"உள்ளது உள்ளபடி" என்னும் திரை

இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லாப் பொறுப்பும் கழன்றுவிடும் என்று நம் வியாபாரிகள் பலர் நம்புகின்றனர். மார்க்கச் சட்டம் அவ்வளவு எளிதாக அவர்களை விடுவிக்கவில்லை. விற்பவர், எல்லாக் குறைகளிலிருந்தும் தமக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனை இடுவதை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபோ உயிருள்ள பிராணியில், விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டும்தான் அந்நிபந்தனையைச் செல்லும் என்கிறது. கார் உயிருள்ள பிராணி அல்ல. இரு மத்ஹபுகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்தாலும் ஒரு விஷயத்தில் வேறுபாடே இல்லை: தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம். ஒப்பந்தம் செல்லுமா என்பது காழியின் கேள்வி. மறுமையில் கேட்கப்படுவது வேறு கேள்வி.

"மீட்டரை நாங்கள் திருத்தவில்லை, எங்களிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்பது அடுத்த வாதம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்து நனைந்தது என்றுதான் சொன்னார். அந்தக் காரணம் ஏற்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே கேட்கப்பட்டது. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கடும் எச்சரிக்கையும் தொடர்ந்தது. ஆக, குறை யாரால் வந்தது என்பது அங்கே விவாதமே அன்று. அறிந்த பின் அதைக் குவியலின் அடியில் வைத்தது யார் என்பதே விவாதம்.

இன்றைய குவியலின் அடியில் இருப்பவை எவை? இவ்வகை வண்டிகளை ஓட்டுவோர் எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, நிறுவனம் நிர்ணயித்ததைவிடக் கூடுதல் விசையைப் பெறுவது வழக்கம், ரீமேப் என்பார்கள். அந்தக் கூடுதல் விசையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் டர்போவும் சுமந்து தேய்கின்றன. விற்கும் முன் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிடுகின்றனர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வாங்குபவர் பார்க்கும் நாளன்று பழுதுக் குறியீடுகளை அழித்துவிடுகின்றனர். குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் சங்கிலிச் சத்தமும், முதல் நிமிடம் வரும் நீலப் புகையும் தெரியாதிருக்க, காணொளி அழைப்புக்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்கின்றனர். மோதிய பக்கத்தை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்து, மெழுகு தேய்த்து, மாலை வெயிலில் படம் எடுக்கின்றனர். இவை அனைத்தும் மடி கட்டிய ஆடுகள்தாம்.

"எல்லாவற்றையும் சொன்னால் எவர் வாங்குவார்?" என்று கேட்கின்றனர். சொன்னால் விலை குறையும், உண்மை. குறைந்த அந்த விலைதான் அந்த வண்டியின் விலை. அதற்கு மேல் பெற்றது பிறர் பணம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் பேசினால் அது அழிக்கப்படும் என்ற நபிமொழியை நம் கடைகளில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோமே, அது சுவருக்காகவா?

அறிந்தும் வாய் மூடியவர்கள்

முஸ்னத் அஹ்மதில் ஒரு செய்தி உண்டு. வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரழி) அவர்களின் இல்லத்திலிருந்து ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்கிறார். வாஸிலா அவர்கள் ஆடை தரையில் இழுபட விரைந்து அவரைப் பின்தொடர்ந்து, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று கேட்கிறார்கள். ஹஜ் பயணத்துக்கு என்றதும், இதன் குளம்பில் துளை இருக்கிறது என்று தெரிவிக்கிறார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று விற்றவர் சினக்கிறார். குறையைச் சொல்லாமல் விற்பது எவருக்கும் ஆகுமானதல்ல. அறிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைக் கேட்டிருக்கிறேன் என்பதே வாஸிலா அவர்களின் பதில்.

நமது புரோக்கர்களும், அந்த வண்டிக்குப் பழுது பார்த்த மெக்கானிக்குகளும், "நல்ல வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று நட்புக்காகச் சான்று சொல்லும் நண்பர்களும் இந்தச் செய்தியில் தம் இடத்தைத் தேடிப் பார்க்கட்டும். இரு தரப்பிலும் கமிஷன் வாங்கிக்கொண்டு, வாங்குபவருக்காகப் பேசுவது போல் நடிப்பது அமானித மோசடி. "நாளை காலை வேறொருவர் முழுப் பணத்தோடு வருகிறார்" என்று இல்லாத ஒருவரைக் காட்டி விலையை ஏற்றுவது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த நஜ்ஷ் வகையைச் சேர்ந்தது.

டோக்கன் அட்வான்ஸ் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே சொந்தம் என்னும் அர்பூன் வியாபாரத்தை ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகள் தடுக்கின்றன. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. அனுமதித்தோரின் கருத்தைப் பின்பற்றினாலும், மறைக்கப்பட்ட குறையைக் கண்டு பின்வாங்கியவரின் பணத்தை விழுங்க எந்த வழியும் கிடையாது. அவர் மனம் மாறிப் பின்வாங்கவில்லை. ஏமாற்றத்திலிருந்து தப்பிப் பின்வாங்குகிறார்.

வாங்குபவருக்கும் கேள்வி உண்டு

விற்பவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் நாம் நீதி தவறியவர்களாவோம். பெருந்தொகையைப் படம் பார்த்து அனுப்பிவிட்டு, "அல்லாஹ் மீது தவக்குல் வைத்தோம்" என்று சொல்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டாமல் விட்டதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது அலட்சியத்துக்கு மார்க்க ஆடை அணிவிப்பதாகும். "அவர் தொழுகையாளி, ஏமாற்ற மாட்டார்" என்பதும் ஆதாரமாகாது. தொழுகை அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. கிளட்சின் தேய்மானம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது.

பார்க்காத பொருளை வாங்குவது பற்றி நம் இமாம்கள் விரிவாகவே பேசியுள்ளனர். கண்ணால் காணாத குறிப்பிட்ட பொருளை விற்பது செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. செல்லும், ஆனால் பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். இரண்டின் நோக்கமும் ஒன்றே: வாங்குபவர் இருட்டில் கைவைக்கக் கூடாது. இதற்கு வழியையும் ஃபிக்ஹ் காட்டுகிறது. உங்கள் சார்பில் பார்த்து வாங்க ஒரு வகீலை, பிரதிநிதியை, நியமியுங்கள். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் உங்கள் வகீல் அல்லர். அந்த ஊரில் இவ்வகை வண்டியை அறிந்த ஒருவரை நீங்களே தேடி, உரிய கூலி கொடுத்து அனுப்புங்கள். இலட்சங்களைக் கொடுப்பவர் சில ஆயிரம் கூலிக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் அன்று.

அந்த வகீல் செய்ய வேண்டியவை இவை. வண்டி ஸ்டார்ட் செய்யப்படும் முன்பே போய், எஞ்சின் மேல் கைவைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பின் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். எல்லாக் கணினிகளையும் ஸ்கேனரில் படிக்க வேண்டும். பழுதுக் குறிப்புகளோடு அந்நேரக் கிலோமீட்டரும் பதிந்திருக்கக் கூடும். சுயபரிசோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் குறியீடுகள் அழிக்கப்பட்டிருக்கலாம் என்று அறியலாம். ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற வண்டியின் ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது கேட்க வேண்டும். இந்த எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பும் தெர்மோஸ்டாட் கூடும் கசிவது பலரும் அறிந்த குறை. அங்கே கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவியை ஒவ்வொரு பலகையிலும் வைத்து, ஒன்று மட்டும் பெரிதும் வேறுபட்டால் காரணம் கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மீட்டரின் கூற்றோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுத் தடம் தேட வேண்டும். சென்னை 2015-இலும், கேரளம் 2018-இலும், சென்னையும் தென் மாவட்டங்களும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்கலாம். சீட்டின் அடியில் இருக்கும் இரும்பு மறக்காது.

காகிதங்களை ஊரிலிருந்தே பார்க்கலாம். பரிவாஹன் தளத்தில் பதிவெண்ணைக் கொண்டு எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, அபராதங்கள் உள்ளனவா என்று அறியலாம். கடன் இருந்தால் படிவம் 35, வேறு மாநிலத்துக்கு மாற்ற படிவம் 28, பெயர் மாற்ற 29-உம் 30-உம் கைக்கு வராமல் முழுப் பணம் போகக் கூடாது. மாநிலம் மாறினால் ஆயுள் வரி மீண்டும் செலுத்த வேண்டிவரும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவு கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கிறாரா? அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் பரிசோதனை முடிவு. உண்மையாளருக்குச் சோதனை அவமானம் அன்று.

முடிவாக

வேகமான கார் தேவையா, ஆடம்பரமா என்னும் விவாதத்தில் நாம் இறங்கவில்லை. ஹலாலான பணம், ஸகாத் கொடுத்த பணம், சாலையில் பிறர் உயிரோடு விளையாடாத ஓட்டுநர் என்றால் அது அவருக்கும் அவர் இறைவனுக்கும் உரிய விஷயம். நம் கவலை வேறு. தேய்ந்த பிரேக்கையும் பழுதான கியரையும் மறைத்து விற்கும் வண்டி, மறுநாள் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடப்போகிறது. அங்கே விற்கப்பட்டது இரும்பு மட்டும் அன்று.

அந்த இளைஞருக்கு விற்ற சகோதரர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு ஒன்று சொல்கிறோம். கூட்டாளி ஒருவர் குறையைச் சொல்லாமல் துணியை விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்த வியாபாரத்தில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார் துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். வாங்கியவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும், அவருடைய எண் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. இம்மையில் ஓர் அழைப்பில் தீர்க்கக்கூடிய கணக்கை மறுமைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, கொடுக்கல் வாங்கலில் உண்மையாளர்களாக நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.