கொரங்காட்டைத் தரிசுன்னு சொல்லாதீங்க

போன ஞாயித்துக்கிழமை நகரத்துல இருந்து நாலு பேர் கார்ல வந்து இறங்கினாங்க. நல்ல பிள்ளைங்கதான். "ஐயா, இந்த அஞ்சு ஏக்கர் சும்மாதானே கிடக்குது? ஆயிரம் மரக்கன்னு இலவசமா நட்டுத் தர்றோம்"னாங்க.

சும்மா கிடக்குதா? அது கொரங்காடுங்க. காங்கேயம் மாடுக வளர்ந்ததே இந்த மாதிரிக் காட்டுல மேய்ஞ்சுதான். சுத்தியும் கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், நரிப்பயத்தங்கொடி. சித்திரையில பார்த்தா செத்த காடு மாதிரி இருக்கும். ஆனா மேல காய்ஞ்சாலும் தூர் சாகாது. ஒரு நல்ல மழை போதும், ஒரே வாரத்துல பச்சை கட்டிடும். தண்ணி இருக்கறப்ப குடிச்சு வளர்ந்துக்கும், இல்லாதப்ப அடங்கிக் கிடக்கும்.

நெருக்கமா நட்ட மரம் அப்படி இல்லை. ஆழமா வேர் விட்டு, மழையில்லாத மாசத்துலயும் உறிஞ்சும். நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் புல்வெளியில் தைல மரம் நட்டு, ஓடைத் தண்ணியை வருசக்கணக்கா அளந்து பார்த்திருக்காங்க. முதல் நடவிலேயே 16 சதவீதம் குறைஞ்சு போச்சு. எங்களைவிட எவ்வளவோ மழை பெய்யுற மலையிலேயே அந்தக் கதி.

வந்தவங்கள்ல ஒரு தம்பி, "காத்துல கரியமிலவாயு கூடினா செடிக்குத் தண்ணி கம்மியாத்தான் வேணும்"னார். பாதி உண்மை. வாயு கூடினா இலைத்துளைகள் குறைவாகத் திறக்கும், தண்ணி மிச்சமாகும். ஆனா கூடவே வெயிலும் ஏறுதே? ஒரு டிகிரி சூடு கூடினா காத்து சுமார் 7 சதவீதம் அதிகமா ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் காத்துல இல்லைன்னா இலையில இருந்தும் மண்ணுல இருந்தும்தான் உறிஞ்சும். மிச்சம் பிடிச்சது அதுலயே போயிடும். மழையும் இப்போ கொட்டினா ஒரே நாள்ல கொட்டுது. அந்தத் தண்ணியை ஓட விடாம மண்ணுல இறக்கறது புல்லுதான்.

நான் மரத்துக்கு எதிரி இல்லை. வெள்வேல நிழல்லதான் மாடு படுக்குது, அதோட காயைத்தான் தின்னுது. ஆனா அது ஏக்கருக்குச் சில மரம். ஆயிரம் கன்னு நட்டா அடியில புல்லுக்கு வெயிலும் இருக்காது, ஈரமும் இருக்காது. நீங்க போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க. பங்குனியில அத்தனைக்கும் போர்த் தண்ணி ஊத்தறது யாரு? புல் போச்சுன்னா என் மாட்டுக்குத் தீவனம் எங்க வாங்கறது?

புல்லுக்கும் கேடு உண்டு. அளவுக்கு மீறி மாட்டை விட்டா தூரும் செத்துடும். அதனாலதான் காட்டைத் தடுத்து, மாத்தி மாத்தி மேய விடறோம். காவல் காக்கறதுன்னா அதைத்தான் காக்கணும்.

மரம் நட ஆசைன்னா உங்க தெருவுல நடுங்க, ஏரிக்கரையில நடுங்க. பூமியைக் காப்பாத்த வர்றவங்க, முதல்ல அங்க என்ன முளைச்சிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. ஐப்பசியில வாங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.