ஏழு குதிரைகளும் ஓர் ஆணியும்

இந்தக் கட்டுரை ஏழு குதிரைகளுக்கு எதிரானது. வெள்ளைக் குதிரைகள். தண்ணீரைத் தெறிக்கவிட்டபடி, பின்னால் ஆரஞ்சுச் சூரியன் எழ, நம்மைப் பார்த்து ஓடி வருமே, அவைதான். கடந்த சில வருஷங்களில் பால்காய்ப்புக்குப் போன எல்லோரும் அவற்றைப் பார்த்திருப்பார்கள். சிவகிரியில் நான் கடைசியாகப் போன மூன்று புது வீடுகளில் இரண்டில் ஓடின. பெங்களூரில் பதினான்காவது மாடியில் ஓடின. ஓ.எம்.ஆரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையிலும் ஓடின. ஐந்து பலகைகளாக வெட்டப்பட்ட மாடலில் மூன்றாவது குதிரையின் கழுத்து இரண்டு பலகைக்கு நடுவே தொங்கும். யாரும் கவலைப்படுவதில்லை.

வாஸ்து பார்த்து மாட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. குதிரைகள் வீட்டுக்குள் வருவதுபோல இருக்க வேண்டும், வெளியே ஓடுவதுபோல இருந்தால் காசு போய்விடும் என்று நம்பி மாட்டுகிறவர் ஒரு படத்திடம் ஏதோ கேட்கிறார். அது மரியாதையான உறவு. என் சண்டை மற்றவர்களோடு. வாஸ்துவை நம்பாதவர்கள், படித்தவர்கள், சோபா நிறத்துக்குப் பொருந்துகிறது என்று வாங்கியவர்கள். “சும்மா, சுவரு காலியா இருந்துச்சு” என்பவர்கள். சுவர் காலியாக இருந்தால் என்ன பாஸ், கடிக்குமா?

இந்தக் காலிச்சுவர் பயம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். வீட்டு அலங்காரம் பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பகுதி குளிர்நாட்டு அறிவுரை. அங்கே ஹாலின் நடுநாயகம் கணப்பு. குடும்பம் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தது. எல்லோர் கண்ணும் அந்தப் பக்கமே இருந்ததால், வீட்டிலேயே நல்ல படம் எதுவோ அது கணப்புக்கு மேலே போனது. வசதியான வீட்டில் பாட்டன் முப்பாட்டனின் எண்ணெய்ச் சித்திரம், இல்லையென்றால் ஒரு நிலக்காட்சி. அந்த ஊர்க்காரனுக்கு அந்த இடத்தில் எதை மாட்டுவது என்பது உண்மையான கேள்வி. குன்னூர், கொடைக்கானல் பங்களாக்களில் இன்றும் அந்தக் கணப்புகளைப் பார்க்கலாம், பெரும்பாலும் அணைந்துபோய். சிவகிரியில் மே மாதம் ஹாலில் கணப்பு வைத்தால் போலீஸ் வரும்.

தமிழில் இந்தக் காட்சி இல்லாமல் இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடையில் கூதிர்காலம். அகன்ற வாய் கொண்ட தடவில் நெருப்பை வைத்துக் குளிர் காய்கிறார்கள். அதே பாட்டில் அரசியின் அறைச் சுவரில் ஒரு பூங்கொடி வரைந்திருக்கிறது, மேலே கட்டிய விதானத்தில் நிலவும் உரோகிணியும். அவள் அந்த உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள், நிலவைப் பிரியாமல் இருக்கிறாளே என்று. போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறவளுக்கு அந்தப் படம் வலிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. குதிரைப் படத்தைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டிருக்கிறார்களா? இ.எம்.ஐ. நினைவு வந்தால் ஒழிய.

நம் வீட்டில் கணப்பின் இடத்தை டிவி பிடித்துவிட்டது. சோபா அதைப் பார்க்கிறது, ஏ.சி. அதைப் பார்க்கிறது, பூஜையறைகூட சில ஃபிளாட்டுகளில் அதைத்தான் பார்க்கிறது. படத்துக்கு மிஞ்சுவது சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர். அதாவது வீட்டுக்காரர் முதுகு காட்டுகிற சுவர். வந்தவர்கள் பார்ப்பதற்காகவும் வீடியோ காலில் தெரிவதற்காகவும் மட்டும் இருக்கிற சுவர். அங்கே போகிற படம் வேறு எப்படி இருக்கும்?

நான் வேலை பார்க்கிற துறைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு விற்பனைத் தளம் எதை மேலே காட்டும்? நிறையப் பேர் கிளிக் செய்ததை, வாங்கியதை, திருப்பி அனுப்பாததை. இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். ஒருத்தருக்கு உயிராகவும் இன்னொருத்தருக்கு எரிச்சலாகவும் இருக்கிற படம் திரும்பி வரும். எவருக்கும் பெரிதாகப் பிடிக்காத, எவருக்கும் பிடிக்காமலும் போகாத படம் திரும்பி வராது. ஆக, தேடலில் முதலில் வந்து நிற்பது திருப்பி அனுப்பப்படாத படம். பாதி மூடிய கண்ணோடு புத்தர் தலை, தங்க நிறத்தில் ஓர் இலை, அர்த்தமில்லாத நீலப் பூச்சு, குதிரை. ரசனை என்று நாம் சொல்லிக்கொள்வதை முக்கால்வாசி ரிட்டர்ன் பாலிசி தீர்மானிக்கிறது.

இதற்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சுவரில் என்ன இருந்தது? பட்டாசலில், விட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, வரிசையாகக் கண்ணாடி போட்ட படங்கள். கீழ்விளிம்பு சுவரில் ஒட்டி, மேல்விளிம்பு கயிற்றில் முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கும். இப்போதைய அலங்காரப் புத்தகங்கள் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. அது மியூசியத்தில் நின்று பார்க்கிறவனின் கணக்கு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்கிறவனுக்கு, பாயில் படுத்திருக்கிற ஆச்சிக்கு, மேலே இருந்து குனிந்து பார்க்கிற படம்தான் சரி. சாய்த்தால் எதிர் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காது, தூசியும் குறைவாகப் படியும். எந்த டிசைனரும் சொல்லித்தராத விஷயம் இது.

அந்த வரிசையில் பாதிப் படங்களின் வேர், எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற கோவில்பட்டி. சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, கீழே மளிகைக்கடைப் பெயரோடு வீடு வீடாக வந்தார்கள். வருஷம் முடிந்ததும் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டுப் படத்தைப் பிரேம் போட்டார்கள். அந்தச் சாமிகளுக்குப் பின்னால் இருக்கிற மலையையும் ஏரியையும் பாருங்கள், அது நாடகப் படுதாவேதான். மேடை நடுவில் வந்து நின்று நம் கண்ணை நேராகப் பார்க்கிற நடிகரின் நிலைதான் அந்த முருகனுடையது. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவுக்கு உலகம் முழுக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. 1976வரை நம் பக்கத்தில் வாழ்ந்தவரை “காலண்டர் ஆர்ட்” என்று ஒரு உதட்டுச் சுழிப்பில் முடித்துவிடுகிறோம். கடைக்காரர் சும்மா கொடுத்த தாள்தான், ஆனால் அதை வைத்திருக்கலாமா கிழிக்கலாமா என்று ஒரு வீடு உட்கார்ந்து முடிவு செய்தது. அந்த முடிவில் இருந்த கண்ணை எனக்குப் பிடிக்கும்.

படச்சுவரை இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் குற்றாலத்துக்கு வாருங்கள். அருவிக்கு இல்லை. நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்தில் சித்திரம். பொன்னையும் ரத்தினத்தையும் அடுக்கிய கையோடு, அதற்குச் சமமாகச் சுவரில் பூசிய நிறத்தை வைத்திருக்கிறார்கள். அங்கே சாமியே ஓவியம்தான், சிலை இல்லை. சீசனில் மெயினருவிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தால் அதிசயம். எண்ணெய்க் குளியல் முடிந்து பரோட்டாவுக்கு ஓடுகிற அவசரம்.

சரி, இவன் பழசுக்காக உருகுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழைய வரிசையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டாசல் சுவர் ஒரு சாதிச் சான்றிதழும்கூட. முத்துராமலிங்கத் தேவர் படமா, இமானுவேல் சேகரன் படமா, பூலித்தேவனா, ஒண்டிவீரனா, அம்பேத்கரா, காமராஜரா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். இந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாமா, கேட்டால் எந்தத் தம்ளரில் வரும் என்பதுவரை. கடையநல்லூர் வீட்டில் காபா படமும், மாதா கோவில் தெருவில் சிவப்பு பல்பு எரிகிற திருஇருதயப் படமும் அப்படியே அடையாளம் சொல்லும்.

அதனால்தான் சிலர் என்னிடம் சொல்கிறார்கள்: “குதிரைப் படம் நல்லதுதானே? சாதி இல்லை, மதம் இல்லை, பொதுவா இருக்குல்ல?” இந்த ‘பொதுவா’ என்ற சொல்லைத்தான் நான் நம்புவதில்லை. சுவரிலிருந்து இறங்கிய சாதி வீட்டைவிட்டுப் போகவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போனது, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போனது, “நீங்க சைவமா?” என்று கேட்கிற வீட்டு புரோக்கரின் வாயில் போய் உட்கார்ந்தது. சுவர் பொதுவானதால், கேட்கிறவருக்கு ஒன்றும் குறையவில்லை. இழப்பெல்லாம் கேட்கப்படுகிறவருக்கு. ஆதிக்கசாதி வீட்டில் ஒரு தலைவர் படம் இறங்கினால் அது டேஸ்ட் மாற்றம். தலித் வீட்டில் அம்பேத்கர் படம் இறங்கினால் அது வாடகை வீடு கிடைப்பதற்கான நிபந்தனை. ஒரே ஆணிதான், கணக்கு வேறு.

ஒரு படம் சுவரில் இருப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் 2023 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படங்கள் கூடாது என்று. அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவருக்கு நீதிமன்றச் சுவரில் இடமில்லையா என்று வழக்கறிஞர்கள் தெருவில் நின்றார்கள். பிறகு, இருக்கும் படங்களை அகற்றச் சொல்லவில்லை என்ற விளக்கம் தலைமை நீதிபதி தரப்பிலிருந்து வந்ததாக அமைச்சர் அறிவித்தார். திருவள்ளுவர் எப்படி எல்லோருக்கும் ஒப்பானார்? வேணுகோபால் சர்மா அவரைச் சாதி, சமயக் குறி எதுவும் இல்லாமல் வரைந்ததும் ஒரு காரணம். குறி இல்லாத முகத்துக்கு எந்தச் சுவரும் திறக்கும். குறியோடு வருகிறவருக்குச் சுற்றறிக்கை.

இலக்கியம் படிக்கிற நாமாவது யோக்கியமா? நம் அறைகளில் வான்கோவின் நட்சத்திர இரவு, கிளிம்ட்டின் முத்தம், ஃபிரிடா காலோவின் புருவம். அதே இங்க்ஜெட் மிஷினில், குதிரை ஓடி முடித்த அடுத்த நிமிஷம் அச்சானவை. வான்கோவை நேசிப்பது தப்பில்லை. ஆனால் 1966இல் தொடங்கிய சோழமண்டலத்துக்கு ஈ.சி.ஆரில் எத்தனை தடவை பிரியாணிக்குப் போகிற வழியில் கையசைத்துவிட்டுப் போயிருப்போம்? ஆதிமூலத்தின் கோடு நமக்குச் சிறுபத்திரிகை அட்டைகளாலும் புத்தகத் தலைப்பெழுத்துகளாலும் ரத்தத்தில் ஊறியது. 2008இல் அவர் இறந்தபோது அஞ்சலி எழுதினோம். உயிரோடு இருக்கிற ஓவியர் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு படம் வாங்கிய வாசகர் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்கு எண்ணத் தெரியும்.

காசில்லை என்று சொல்லாதீர்கள். மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்ததை நான் கேட்கவில்லை. எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகள் லினோகட், எட்சிங் அச்சுகள் போடுகிறார்கள். ஒரே பலகையில் பல பிரதி எடுப்பதால் விலை குறைவு. நான் வாங்கியது எங்கள் வீட்டு மிக்சியைவிட மலிவு. விலை கேட்டபோது அந்தப் பையன் சொல்லக் கூச்சப்பட்டான் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அது சோபாவுக்குப் பொருந்தவில்லை. என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “என்னய்யா இது, கரிய அப்பினாப்ல?” என்றாள். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றி ஏதாவது சொல்கிறார்கள், அம்மா இப்போது அதற்காக வாதாட ஆரம்பித்திருக்கிறாள்.

கடைசியாக ஓர் ஆணி விஷயம். சென்னை, பெங்களூர் வாடகை ஒப்பந்தங்களில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் அது பெயிண்ட் பற்றிய வரி. கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்கு அப்படியில்லை. சென்னையில் ஏழு வருஷம், நான்கு வாடகை வீடு. அவன் அப்பா கொடுத்த அம்பேத்கர் படம், நீலக் கோட்டு, கையில் புத்தகம், தென்காசியில் பிரேம் போட்டது, நான்கு வீட்டிலும் பீரோவுக்குள் இருந்தது. ஹாலில் ஒட்டும் கொக்கியில் ஒரு புத்தர் தலை. வீட்டுக்கார அம்மா வாடகை வாங்க மேலே வரும்போது அதைப் பார்த்து, “லட்சணமா வச்சிருக்கீங்க தம்பி” என்பாராம். போன மாதம் சொந்த ஃபிளாட்டின் சாவி வாங்கிவிட்டான். ஹாலுக்கு என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்டேன்.

“வாங்கவா? படம் இருக்குல்லா மாப்ள. டிவி பாயிண்ட் வச்சிருக்கான்ல, அந்தச் சுவருலதான். டிவிய பெட்ரூமுக்குக் கொண்டு போறேன். நீ வரும்போது ஒரு டிரில் மிஷின் எடுத்துட்டு வா.”